குழு உடைந்தால் பெயர் யாருக்கு? – பேஸ் கிட்டார் அக்கா பதில்கள்

(போன இதழில் போகிற போக்கில் “பாடகர் மாறினாலும் குழு அதே குழுதான்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க இதே பேச்சு.)

அக்கா, நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு எங்களுடையது. ஒன்பது வருடம், இரண்டு ஆல்பம். போன வருடம் பாடகர் விலகினார். அடுத்த மூன்று மாதத்தில் பேஸ் வாசித்தவரும் போய்விட்டார். மிச்சம் நானும் டிரம்மரும். இப்போது ஒரு பாடகி கிடைத்திருக்கிறார், நன்றாகப் பாடுகிறார். “என் குரல்தான் அந்தப் பெயர், மாற்றிவிடுங்கள்” என்கிறார் பழைய பாடகர். “பெயரை விட்டால் ஒன்பது வருட உழைப்பும் போச்சு” என்கிறார் டிரம்மர். நான் யார் பேச்சைக் கேட்பது?
– நடுவில் மாட்டிக்கொண்ட கிட்டாரிஸ்ட்

தலையை எண்ணி முடிவு செய்கிற விஷயமில்லை இது, தம்பி. நாலில் இரண்டு பேர் மிச்சம் என்பதற்காகப் பாதிப் பெயரையா வைத்துக்கொள்ள முடியும்?

1980ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் மூன்று பெரிய குழுக்களில் மூன்று சாவு. பிப்ரவரியில் ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட். மே மாதம் ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ். செப்டம்பரில் லெட் ஸெப்பலினின் டிரம்மர் ஜான் போனம். மூன்று குழுக்களும் மூன்று விதமாக முடிவெடுத்தன.

ஏசி/டிசி பெயரை வைத்துக்கொண்டது. பிரையன் ஜான்சன் வந்தார், ஸ்காட் இறந்து ஆறு மாதம் ஆவதற்குள் ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்தது. அட்டை முழுக்கக் கறுப்பு, துக்கத்துக்கு. அவர்கள் விற்ற ஆல்பங்களிலேயே பெரியது அதுதான்.

ஜாய் டிவிஷனில் மிஞ்சிய மூவரும் பெயரைக் கீழே வைத்துவிட்டார்கள். யாராவது ஒருவர் போனாலும் இந்தப் பெயர் வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தார்களாம். நியூ ஆர்டர் என்று புதுப் பெயர். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பெர்னார்ட் சம்னர் பாட ஆரம்பித்தார், கீபோர்டுக்கு கில்லியன் கில்பர்ட் வந்து சேர்ந்தார். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, நியூ ஆர்டரின் முதல் சிங்கிளே கர்டிஸ் இருந்தபோது உருவான பாட்டுதான். பெயரை விட்டார்களே தவிர பாட்டை விடவில்லை. மூன்று வருடம் கழித்து ‘புளூ மண்டே’ வந்தபோது, அது பழைய பெயரில் வந்திருக்கவே முடியாத பாட்டு என்று கேட்ட எவருக்கும் புரிந்தது.

லெட் ஸெப்பலினில் பாடகருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிட்டார் இருந்தது, பேஸ் இருந்தது. போனது டிரம்மர் ஒருவர். ஆனாலும் டிசம்பரில் அறிக்கை விட்டுக் கடையைச் சாத்திவிட்டார்கள். “டிரம்மர்தானே, இன்னொருத்தரைப் போட்டுக்கொள்ளலாம்” என்று சொல்கிற ஆளை நான் எங்கே பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சண்டை போடுவேன். பேஸ் வாசித்தவள் நான். டிரம்மர் மாறினால் தரையே மாறிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று பேர் செய்ததும் சரிதான் என்று நினைக்கிறேன். எப்படி என்றால், ரிகர்சல் அறையில் அவர்களுடைய பாட்டு எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். ஏசி/டிசியில் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பி இருவரின் கிட்டார் ரிஃப்பில் இருந்து, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் மெட்டில் இருந்து. அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தவரை அந்த ஊற்று வற்றவில்லை. ஜாய் டிவிஷனில் இசையை நாலு பேரும் போட்டாலும் வரி முழுக்க கர்டிஸ். அந்தக் குரலும் வரியும் இல்லாமல் அதே பெயர்ப் பலகையை மாட்டினால், உள்ளே வருகிறவர் அவரைத்தான் தேடுவார். ஸெப்பலினில் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மேடையில் பாட்டை நீட்டுவார்கள், வளைப்பார்கள். அதில் ஒரு காலை எடுத்தால் கட்டில் நிற்காது.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். உங்கள் இரண்டு ஆல்பத்தில் இருக்கிற பாட்டுகள் எப்படி ஆரம்பித்தன? நீங்கள் ஒரு ரிஃப் வாசிக்க, டிரம்மர் அதைப் பிடித்துக்கொள்ள, பாடகர் மேலே ஏறி உட்கார்ந்தார் என்றால் பெயர் உங்கள் இருவரிடம்தான் இருக்கிறது. அவர் மெட்டும் வரியுமாக முழுப் பாட்டைக் கொண்டுவந்து, நீங்கள் அதற்கு அலங்காரம் செய்தீர்கள் என்றால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதை எனக்கு எழுதிச் சொல்ல வேண்டாம். டிரம்மரிடம் சொன்னால் போதும், அவருக்கும் உண்மை தெரியும்.

இன்னொன்று. பெயரைப் பற்றி எதுவும் அறிவிக்காமல் புதுப் பாடகியோடு நாலு புதுப் பாட்டு போடுங்கள். பழையதைத் தொடவே வேண்டாம். ஜெனிசிஸ் குழுவில் 1975இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது பாடகர் தேடி ஆள்மேல் ஆளாகப் பாடவைத்துப் பார்த்தார்கள். ஒருவரும் ஒட்டவில்லை. கடைசியில் பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸே மைக்கைப் பிடித்தார். அடுத்த வருடமே அதே பெயரில் புது ஆல்பம். வந்த ஆள் யார் என்பதைவிட, வந்த பிறகு புதுப் பாட்டு வந்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் நாலு பாட்டும் அந்தப் பலகைக்குக் கீழே வெட்கமில்லாமல் உட்காருமானால் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடகருக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

குழுவின் பெயரை யோசித்துச் சொன்னதே நான்தான். விலகும்போது பெயரை எடுத்துக்கொண்டு போகலாமா?
– பெயர் வைத்தவர்

பிள்ளைக்குப் பெயர் வைத்த மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது நீங்கள் கேட்பது.

ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரை வைத்தவர் அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன். தன் பெயரை வைத்துக்கொள்ளாமல் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசித்த ஜான் மெக்வீ இருவரின் பெயரில் இருந்தும் எடுத்துக் கோர்த்தார். 1970இல் அவரே போய்விட்டார். பெயருக்குச் சொந்தக்காரர்கள் இருவரும் கடைசிவரை இருந்தார்கள். சுற்றிலும் மற்ற எல்லாரும் வந்து வந்து போனார்கள்.

1974இல் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவர்களுடைய மேனேஜர், பெயர் தனக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களைச் சேர்த்து ஃப்ளீட்வுட் மேக் என்று அமெரிக்காவுக்கு டூர் அனுப்பிவிட்டார்! அசல் ஆட்கள் வழக்குப் போட வேண்டியதாயிற்று. அந்த அலைச்சலில் அமெரிக்காவுக்கே இடம்பெயர்ந்து, அங்கே லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு, 1977இல் ‘ரூமர்ஸ்’ போட்டார்கள். உலகத்தில் அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்று. கிரீன் காலத்து புளூஸ் அதில் தேடினாலும் கிடைக்காது. பெயர் மட்டும் அதே.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நான் வக்கீலும் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் ஸாக்ஸன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் வழக்கில் 2003இல் வந்த தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. விலகிப்போன இரண்டு பேர் பெயரைத் தங்கள் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துவிட்டு, ஆரம்பத்தில் இருந்து பாடிக்கொண்டிருந்த பிஃப் பைஃபோர்டோடு மோதினார்கள். ஏட்டில் எழுதிய ஒப்பந்தம் இல்லாதபோது குழு என்பது ஒரு கூட்டு வியாபாரம், பெயரும் அதன் நற்பெயரும் அந்தக் கூட்டுக்குச் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை என்றார் நீதிபதி. விலகியவர்களின் பதிவு நிற்கவில்லை.

அதனால் குழு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். யார் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும், எத்தனை பேர் சம்மதம் வேண்டும், பழைய பாட்டின் ராயல்டி எப்படிப் பிரியும், போனவர் “முன்னாள்” என்று போட்டுக்கொள்ளலாமா, லோகோ யாருக்கு, சமூக வலைத்தளக் கணக்குகளின் பாஸ்வேர்டு யாரிடம். கடைசியில் சொன்னதை அற்பம் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி பாஸ்வேர்டில்தான் ஆரம்பித்தன.

ஆரம்பித்த ஒருவர்கூட இப்போது இல்லை. அந்தக் குழு அதே பெயரில் வாசிப்பது மோசடி இல்லையா?
– கறாரான ரசிகர்

எல்லா நேரமும் மோசடி என்று சொல்ல முடியாது. நேபாம் டெத் என்ற குழுவின் முதல் ஆல்பம் ‘ஸ்கம்’, 1987. அதன் முதல் பக்கத்தில் வாசித்தவர்களுக்கும் இரண்டாம் பக்கத்தில் வாசித்தவர்களுக்கும் பொதுவாக இருந்தது டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான், அவரும் ஆரம்பித்த ஆள் இல்லை. ஒரே இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் வேறு குழு! அதற்குப் பிறகு அவரும் போய்விட்டார், குழு இன்னும் புது ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறது. ரசிகர்கள் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

லினர்ட் ஸ்கினர்ட் என்ற குழுவினுடையது கொஞ்சம் கனமான கதை. 1977 அக்டோபரில் விமான விபத்தில் பாடகர் ரானி வான் ஸான்ட் உட்பட சிலர் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து அவருடைய தம்பியைப் பாடவைத்துத் திரும்பினார்கள். தொடக்ககால உறுப்பினர்களில் கடைசியாக இருந்த கேரி ராசிங்டன் 2023 மார்ச்சில் காலமானார். குழு நிற்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, மறைக்கவில்லை. காரணம் ஆட்கள் இல்லை. மேடையில் வருவதெல்லாம் பெரும்பாலும் எழுபதுகளின் பாட்டு, அதை எழுதியவர்கள் எவரும் அங்கே இல்லை. டிரிப்யூட் குழு என்று போட்டுக்கொண்டால் கைதட்டிவிட்டு வருவேன்.

எனக்குப் பிடித்த குழு என்று நம்பி டிக்கெட் வாங்கிப் போனேன். மேடையில் பழைய ஆள் டிரம்மர் மட்டும். ஏமாந்த மாதிரி இருந்தது. நான் கோபப்படுவது தப்பா?
– பின்வரிசை ரசிகை

போஸ்டரில் யார் படம் இருந்தது? பழைய படம் என்றால் உங்கள் கோபம் சரி. புது ஆட்களின் படம்தான் என்றால், கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் மேல்.

டீப் பர்ப்பிள் பெயரில் 1980இல் (பாருங்கள், மறுபடியும் அதே வருடம்!) ஒரு குழு கிளம்பியது. அசல் குழு அப்போது கலைந்திருந்தது. இதில் இருந்த ஒரே பழைய ஆள், முதல் பாடகர் ராட் எவன்ஸ். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டு வருவதற்கு முன்பே குழுவை விட்டுப் போனவர் அவர். கேட்க வந்த கூட்டம் பாட்டிலை வீசாத குறை. வழக்கு நடந்து 6,72,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. தொடக்கத்தில் இருந்தவர் என்ற ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாணயமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. குயின் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி 1991இல் இறந்தார். பிரையன் மேவும் ரோஜர் டெய்லரும் பிற்பாடு மேடை ஏறியபோது ‘குயின் பிளஸ் பால் ராட்ஜர்ஸ்’, அப்புறம் ‘குயின் பிளஸ் ஆடம் லாம்பர்ட்’ என்றே போட்டார்கள். அந்த ஒரு கூட்டல் குறியில் எல்லாம் வெளிப்படை. யாரைக் கேட்கப் போகிறோம் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். 2006இல் டோனி ஐயோமி, கீஸர் பட்லர், ரானி ஜேம்ஸ் டியோ எல்லாரும் பழையபடி சேர்ந்தபோது தங்கள் பழைய குழுவான பிளாக் ஸாபத்தின் பெயரைப் போடாமல், தாங்கள் சேர்ந்து செய்த ஆல்பத்தின் பெயரையே எடுத்து ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்று போட்டார்கள். வருகிறவர் ஸாபத்தின் முதல் பாடகர் ஆஸி ஆஸ்பர்னை எதிர்பார்த்து வரக் கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. ரெக்கார்டில் வாசித்த ஒருவரும் இல்லாமல், பெயருக்கு உரிமையும் இல்லாமல் அதே பெயரில் கச்சேரி விளம்பரம் செய்யக் கூடாது.

லிங்கின் பார்க் குழுவில் மறைந்த பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இடத்தில் ஒரு பெண்ணா? மனசு ஒப்பவில்லை.
– 2017இல் அழுதவன்

நானும் வருத்தப்பட்டேன். ஆனால் எமிலி ஆம்ஸ்ட்ராங் வந்த 2024லேயே முழுப் புது ஆல்பம் போட்டார்கள். முதலில் அதைக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பழைய ஆல்பங்கள் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை.

நான்தான் விலகினேன், என் முடிவுதான். ஆனாலும் அதே பெயரில் வேறு ஒருவர் என் இடத்தில் நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இது எப்போது நிற்கும்?
– முன்னாள் கீபோர்டிஸ்ட்

ராஜர் வாட்டர்ஸுக்கே நிற்க வெகுகாலம் ஆயிற்று. 1985இல் பிங்க் ஃப்ளாய்டை விட்டு விலகினார். தான் போனால் குழு முடிந்தது என்று நம்பி, மற்றவர்கள் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போனார். 1987 கடைசியில் சமரசம். பெயர் டேவிட் கில்மோரிடமும் நிக் மேசனிடமும் தங்கியது. அந்த வருடம் ஒரு பக்கம் அவர்கள் பெரிய அரங்கங்களை நிறைத்துக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் அவர் தன் சொந்தப் பெயரில் சின்னக் கூட்டத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டை எழுதிய ஆளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2013இல் ஒரு பேட்டியில், வழக்குப் போட்டது தன் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

என் கதை அத்தனை பெரியது இல்லை. பதினோரு வருடம் வாசித்தேன். மணிக்கட்டு வலி தாங்காமல் நானேதான் விலகினேன். அவர்கள் பெயரை வைத்துக்கொள்வதற்கும் சரி என்றேன், வாயால். நாலு மாதம் கழித்து ஒரு கச்சேரி போஸ்டர் கண்ணில் பட்டது. அதில் என் படம்! இரண்டாவதாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். புதுப் படம் எடுக்க நேரமில்லையாம். அடுத்த போஸ்டரில் என்னை மட்டும் வெட்டிவிட்டு, என் தோளில் கிடந்த கிட்டாரிஸ்டின் கையை அப்படியே விட்டிருந்தார்கள். அந்தரத்தில் ஒரு கை. அதைப் பார்த்துச் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் அவர்கள் கச்சேரிப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் போய், மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் மறைந்து நின்றேன். எனக்குப் பதிலாக வந்த பையன் என் பாட்டு ஒன்றில் என் வரிசையை மாற்றி வாசித்தான். பல்லவிக்கு நான் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வலிக்குப் பயந்து அப்படி அமைத்தது அது. அவன் மேலிருந்து படிப்படியாக இறங்கி வந்தான். பாட்டு திறந்துகொண்டது. பொறாமையில் வியர்த்துவிட்டது எனக்கு. ஆனால் அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதனால் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் மோசமாக வாசித்தாலும் உங்களுக்குச் சந்தோஷம்தானே!

அக்கா, அந்தப் பழைய குழு இன்றைக்கு உங்களைத் திரும்பக் கூப்பிட்டால் போவீர்களா?
– சும்மா கேட்கிறேன்

கூப்பிட்டுவிட்டார்கள், போன மாதம். ஒரே ஒரு கச்சேரிக்கு. என்னென்ன பாட்டு என்று கேட்டேன், பட்டியல் அனுப்பினார்கள். ஒன்பது பாட்டில் ஆறு, நான் போன பிறகு வந்தவை. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பாட்டில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இருந்து அந்தப் பையன் இறங்குகிற ஓட்டம் ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் இன்னும் எட்டவில்லை.